முற்பிதா யாக்கோபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்களும் வசன எண்களும் பழைய தமிழ் வேதாகமத்தின்படி தரப்பட்டுள்ளன. கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 'தொடக்க நூல்' என்றும், லேயாள் 'லேயா' என்றும் வரும். நூலின் பெயர் குறிப்பிடாத வசன எண்களெல்லாம் ஆதியாகமத்துக்கு உரியவை. எபிரேய வேதத்தில் 32-ஆம் அதிகாரம் ஒரு வசனம் முன்னதாகவே தொடங்கிவிடும். யூத நூல்களோடு ஒப்பிடும்போது எண் ஒன்று தள்ளி நின்றால் குழம்ப வேண்டாம்.

யாக்கோபு யார்?

ஆபிரகாமின் பேரன். ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் இளையவர். மூத்தவர் ஏசா. யாக்கோபுக்குப் பின்னாளில் இஸ்ரவேல் என்று பெயர் வந்தது, அவருடைய 12 மகன்களின் வழியில் இஸ்ரவேலின் கோத்திரங்கள் உண்டாயின. ஆதியாகமத்தில் அவருடைய வரலாறு 25:19-இல் தொடங்கி 50:13-இல் அடக்கத்தோடு முடிகிறது. பாதி நூல் அவருடைய வாழ்நாளுக்குள் நடக்கிறது என்றே சொல்லலாம்.

யாக்கோபு என்றால் 'எத்தன்' என்று பிரசங்கங்களில் சொல்கிறார்களே, சரியா?

அது ஏசா சொன்ன பொருள். பிறக்கும்போது அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததால் அந்தப் பெயர் வந்தது என்கிறது 25:26. எபிரேயத்தில் குதிகாலுக்கு 'ஆகேவ்', பெயர் 'யாகோவ்'. ஆசீர்வாதம் பறிபோன ஆத்திரத்தில் ஏசா அதே வேர்ச்சொல்லை முறுக்கி, "இதோடே இரண்டு தரம் என்னை மோசம்போக்கினான்" என்று சொல்கிறார் (27:36). தோற்றவர் வாயிலிருந்து வந்த ஒரு சிலேடையை அகராதிப் பொருளாக்கிவிட்டோம். மொழியறிஞர்கள் பலர் இதை 'கடவுள் காப்பாராக' என்ற பொருளுடைய நீண்ட பெயரின் சுருக்கமாகக் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட பெயர்கள் பண்டைய மேற்காசியாவில் பரவலாக இருந்தன.

சேஷ்டபுத்திரபாகமும் ஆசீர்வாதமும் ஒன்றா?

இல்லை. இந்தக் கதையில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான்.

சேஷ்டபுத்திரபாகம் என்பது மூத்த மகனின் உரிமை. உபாகமம் 21:17-இன்படி மற்ற மகன்களுக்குக் கிடைப்பதைப் போல இரண்டு பங்கு. இதைத்தான் ஏசா அப்பத்துக்கும் பயற்றங்கூழுக்கும் விற்றார். கேட்டு, ஆணையிட்டு, வெளிப்படையாக நடந்த பேரம் அது. கூழ் சிவப்பாக இருந்தது என்று வசனம் சொல்கிறது, எபிரேயச் சொல்லும் நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்கும் பருப்பு வகையையே குறிக்கும். ஏதோம் என்ற ஏசாவின் மறுபெயரும் அந்தச் சிவப்பிலிருந்தே வருகிறது. ஆபிரகாம் இறந்த நாளில் துக்க வீட்டு உணவாக அந்தக் கூழ் காய்ச்சப்பட்டது என்பது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் மரபு. கணக்கும் அதற்கு இடம் தருகிறது. ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100 வயது, யாக்கோபு பிறந்தபோது ஈசாக்குக்கு 60. ஆபிரகாம் இறந்தது 175-இல். அப்போது பேரப்பிள்ளைகளுக்கு வயது 15.

ஆசீர்வாதம் வேறு. அதைத்தான் 27-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு ஏமாற்றிப் பெறுகிறார். ரெபெக்காள் இரண்டு வெள்ளாட்டுக்குட்டிகளைச் சமைத்து, தோலை அவர் கைகளிலும் கழுத்திலும் போர்த்தி, ஏசாவின் நல்ல உடையை உடுத்தி அனுப்புகிறாள். கண் மங்கிய ஈசாக்கு தடவிப் பார்த்து, உடையை முகர்ந்து பார்த்து ஆசீர்வதிக்கிறார்.

அந்த ஆசீர்வாதத்தின் சொற்களை (27:28-29) நிதானமாகப் படித்தால், பனி, கொழுமை, தானியம், திராட்சரசம், சகோதரர்மேல் ஆளுகை எல்லாம் இருக்கும். ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட தேசம் மட்டும் இருக்காது. அது அடுத்த அதிகாரத்தில், 28:3-4-இல் வருகிறது. அங்கே ஈசாக்கு யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தே, ஆபிரகாமின் ஆசீர்வாதத்தையும் தேசத்தையும் யாக்கோபுக்குக் கொடுக்கிறார். ஏமாற்றிப் பெற்றது ஒன்று, ஏமாற்றாமலே கிடைத்தது மற்றொன்று. கிடைக்கவிருந்ததற்கே இத்தனை நாடகமா என்ற கேள்வியை நூல் வாசகரிடம் விட்டுவிடுகிறது.

வீட்டைவிட்டு ஓடியபோது அவர் இளைஞரா?

ஏசாவின் கோபத்துக்குத் தப்பி, ஆரானில் இருந்த தாய்மாமன் லாபானிடம் ஓடியவரைப் படங்களில் இருபது வயதுப் பையனாக வரைவார்கள். கணக்கு வேறு சொல்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம், பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

யாக்கோபின் மகன் யோசேப்பு எகிப்தில் பார்வோன் முன் நின்றபோது அவருக்கு வயது 30 (41:46). அதன்பின் 7 செழிப்பான வருடங்கள். பஞ்சத்தில் 2 வருடம் கழிந்தபோது தகப்பனை வரவழைக்கிறார் (45:6). ஆக அப்போது யோசேப்புக்கு 39. பார்வோனிடம் யாக்கோபு தன் வயது 130 என்கிறார் (47:9). 130-இல் 39 போனால் 91. யோசேப்பு பிறந்தபோது யாக்கோபுக்கு 91 வயது. யோசேப்பு பிறந்ததும் அவர் ஊர் திரும்ப அனுமதி கேட்கிறார் (30:25), இரண்டு பெண்களுக்காக உழைத்த 14 வருடங்கள் அப்போது முடிந்திருக்கின்றன. 91-இல் 14 கழித்தால், ஆரானுக்கு வந்து சேர்ந்தபோது வயது 77.

அங்கிருந்து முன்னால் போனால்: முதல் ஏழு வருடம் முடிந்து திருமணம் 84-இல். மொத்தம் 20 வருடம் உழைத்து (31:41) லாபானைவிட்டுப் புறப்பட்டது 97-இல். 17 வயது யோசேப்பு அண்ணன்மாரால் விற்கப்பட்டபோது 108. ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது 120. எகிப்துக்குப் போனது 130-இல், இறப்பு 147-இல்.

இங்கே வழக்கமாக ஒரு பிழை நேரும். ஈசாக்கின் மரணம் 35-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, யோசேப்பு விற்கப்படுவது 37-இல். அதனால் தாத்தா இறந்த பிறகே பேரன் விற்கப்பட்டான் என்று எண்ணிவிடுவோம். உண்மையில் விற்கப்பட்ட பின் 12 வருடம் ஈசாக்கு உயிரோடு இருந்தார். ஆதியாகமம் ஒருவரின் கதையை முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போகும், அதிகார வரிசை எல்லா இடத்திலும் கால வரிசை ஆகாது.

யூத மரபில் சிறு வேறுபாடு உண்டு. ஆசீர்வாதம் பெற்றபோது யாக்கோபுக்கு 63 என்றும், பிறகு 14 வருடம் முன்னோரான ஏபேரின் வீட்டில் தங்கி வேதம் கற்று, 77-இல் ஆரானை அடைந்தார் என்றும் கொள்வார்கள். அதற்குக் காரணம் ஈசாக்கின் அண்ணன் இஸ்மவேல். ஆசீர்வாதம் போன பிறகு ஏசா இஸ்மவேலிடம் போய் அவர் மகளை மணக்கிறார் (28:9). இஸ்மவேல் 137 வயதில் இறந்தார், ஈசாக்கைவிட 14 வயது மூத்தவர். அப்படியானால் அவர் இறந்தபோது யாக்கோபுக்கு 63தான் ஆகியிருக்க முடியும்.

பெத்தேலில் கண்டது என்ன?

லூஸ் என்ற இடத்தில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், பூமியிலிருந்து வானம் வரை எட்டும் ஏணியையும் அதில் ஏறி இறங்கும் தேவதூதர்களையும் கனவில் கண்டார். 'சுல்லாம்' என்ற அந்த எபிரேயச் சொல் வேதாகமம் முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. ஆகவே அது ஏணியா, மேட்டுப் படிக்கட்டா என்ற விவாதம் தீரவில்லை. காலையில் அந்தக் கல்லையே தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்து, பெத்தேல், அதாவது 'தேவனுடைய வீடு' என்று பெயரிட்டார். பத்தில் ஒரு பங்கு கொடுப்பதாகப் பொருத்தனையும் செய்தார். இன்று ரமல்லாவுக்கு அருகிலுள்ள பெய்தீன் கிராமத்தையே ஆய்வாளர் பலரும் பெத்தேல் என்கிறார்கள்.

ராகேலுக்காக 14 வருடம் காத்திருந்தாரா?

14 வருடம் உழைத்தார், காத்திருந்தது 7 வருடமும் ஒரு வாரமும்தான். முதல் ஏழு வருடம் முடிந்த இரவில் லாபான் லேயாளை அனுப்பிவிட்டார். விடிந்த பிறகே யாக்கோபுக்குத் தெரிந்தது. லேயாளின் திருமண வாரத்தை நிறைவேற்று, ராகேலையும் தருகிறேன், அதற்கு இன்னும் ஏழு வருடம் வேலை செய் என்றார் லாபான் (29:27). வாரம் முடிந்ததும் ராகேல் கிடைத்தாள், கூலி பிறகு கழிந்தது.

இருவரும் தாய்மாமன் மகள்கள், நம் பேச்சில் முறைப்பெண்கள். அக்காள் தங்கை இருவரையும் ஒரே காலத்தில் மணப்பதை லேவியராகமம் 18:18 பின்னாளில் தடை செய்தது.

லாபான் சொன்ன சாக்கைக் கவனிக்க வேண்டும். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்கிறார் (29:26). மூத்தவனின் இடத்தில் போய் நின்ற இளையவனிடம் சொன்ன சொல் இது. ஈசாக்கு இருளில் ஆள் மாறியதை அறியாததுபோல யாக்கோபும் இருளில் அறியவில்லை.

12 மகன்கள் யார் யாருக்குப் பிறந்தவர்கள்? கோத்திரப் பட்டியல் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்?

லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன் என்று ஆறு பேர், தீனாள் என்ற மகளும் உண்டு. ராகேலின் பணிப்பெண் பில்காளுக்குத் தாண், நப்தலி. லேயாளின் பணிப்பெண் சில்பாளுக்குக் காத், ஆசேர். ராகேலுக்கு யோசேப்பு, பென்யமீன். பென்யமீன் மட்டும் கானானில், எப்பிராத்தா வழியில் பிறந்தார். ராகேல் அந்தப் பிரசவத்திலேயே இறந்தாள்.

யாக்கோபு யோசேப்பின் இரு மகன்களையும் தன் மகன்களாக ஏற்றுக்கொண்டார் (48:5). அதனால் யோசேப்பின் பங்கு எப்பிராயீம், மனாசே என்று இரண்டாகிறது. சேஷ்டபுத்திரபாகத்தின் இரண்டு பங்கு அப்படித்தான் யோசேப்புக்குப் போனது, 1 நாளாகமம் 5:1-2 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ரூபன் தகப்பனின் மறுமனையாட்டியான பில்காளோடு சேர்ந்ததால் உரிமையை இழந்தார். இப்போது 13 ஆகிவிட்டதா? தேசத்தைப் பங்கிடும்போதும் போர்வீரரை எண்ணும்போதும் லேவி விலகிவிடும், மறுபடி 12. மோசேயின் ஆசீர்வாதத்தில் (உபாகமம் 33) சிமியோன் இல்லை. வெளிப்படுத்தல் 7-இல் லேவி சேர்ந்து, தாண் விடுபட்டு, யோசேப்பும் மனாசேயும் தனித்தனியே வருவார்கள். எண்ணிக்கை பெரும்பாலும் 12, உள்ளடக்கம் பட்டியலின் நோக்கத்தைப் பொறுத்தது.

கொப்புகளில் வரி உரித்து வைத்தால் வரி ஆடு பிறக்குமா?

பிறக்காது. ஆனால் 30-ஆம் அதிகாரம் அதைவிடச் சுவையானது.

அந்தப் பகுதியில் செம்மறி பெரும்பாலும் வெள்ளை, வெள்ளாடு பெரும்பாலும் கறுப்பு. கறுத்த செம்மறியும் புள்ளி, வரி உள்ள வெள்ளாடும் எனக்குக் கூலி என்றார் யாக்கோபு. அரிதாகப் பிறப்பதைத்தான் கேட்டார், லாபான் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். அதோடு நிற்காமல் அன்றைக்கே அப்படிப்பட்ட ஆடுகளை எல்லாம் பிரித்துத் தம் மகன்களிடம் கொடுத்து, மூன்று நாள் பயணத் தூரத்துக்கு அனுப்பிவிட்டார். ஒரு புள்ளி ஆடுகூட இல்லாத மந்தையோடு யாக்கோபு தொடங்கினார்.

புன்னை, வாதுமை, அர்மோன் மரக்கொப்புகளை வெட்டி, வெண்மை தெரியப் பட்டையை உரித்துத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்தார் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. நம் கடற்கரைப் புன்னை இதுவன்று. மூலத்தில் 'லிவ்னே' என்ற வெள்ளைமரம், லாபான் என்ற பெயருக்கும் 'வெள்ளை' என்றே பொருள். வெள்ளையனின் சொத்தை வெள்ளை மரத்தால் எடுத்தார் என்ற சிலேடை தமிழில் காணாமல் போய்விட்டது.

பொலியும்போது கண்ணில் பட்டது குட்டியில் தெரியும் என்பது அக்கால நம்பிக்கை. உண்மையில் வேலை செய்யக்கூடியவை இரண்டு. செம்மறியில் வெள்ளை ஓங்கி நிற்கும் பண்பு, கறுப்பு ஒடுங்கி இருக்கும் பண்பு. வெள்ளை ஆடுகளே கறுப்பை உள்ளே சுமந்திருக்க முடியும், அவை தமக்குள் சேர்ந்தால் கறுப்புக் குட்டி விழும். லாபான் வெளி நிறத்தைப் பிரித்தாரே தவிர உள்ளிருந்ததைப் பிரிக்க முடியவில்லை. இரண்டாவது, பலத்த ஆடுகள் பொலியும்போது மட்டும் யாக்கோபு கொப்புகளை வைத்தார், பலவீனமானவற்றுக்கு வைக்கவில்லை (30:41-42). இது எந்த ஆட்டுக்காரருக்கும் தெரிந்த தேர்ந்தெடுப்பு. யாக்கோபே தம் மனைவிகளிடம் விளக்கும்போது கொப்புகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பொலிந்த கடாக்கள் வரியும் புள்ளியுமானவை என்று கனவில் காட்டப்பட்டதாகச் சொல்லி, தேவனுக்கே கணக்கெழுதுகிறார் (31:10-12).

ஏசாவுக்கு அனுப்பிய காணிக்கை எவ்வளவு?

32:14-15-இன்படி 200 வெள்ளாடு, 20 கடா. 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா. பால் கொடுக்கும் 30 ஒட்டகங்கள் அவற்றின் குட்டிகளோடு. 40 பசு, 10 காளை. 20 கோளிகைக் கழுதை (பெண் கழுதை), 10 கழுதைக்குட்டி. ஒட்டகக் குட்டிகளை விட்டுக் கூட்டினால் 550. தாய்க்கு ஒரு குட்டி என்று கொண்டால் 580.

இது கறிக்கு அனுப்பிய மந்தையன்று, பெருகுவதற்கு அனுப்பியது. ஆட்டில் பத்துக்கு ஒரு கடா, மாட்டில் நாலுக்கு ஒரு காளை. அனுப்பிய முறையும் யோசித்துச் செய்தது. மந்தைகளைத் தனித்தனியாகப் பிரித்து நடுவே இடைவெளி விட்டு, ஒவ்வொரு வேலைக்காரனும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்படி கட்டளையிட்டார். 400 பேரோடு வரும் ஏசாவுக்கு மந்தைக்குப் பின் மந்தையாக எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கும். கோபம் ஒவ்வொரு மந்தையிலும் கொஞ்சம் கரையும்.

நேரில் கண்டதும் யாக்கோபு ஏழு தரம் தரையில் விழுந்து வணங்கினார். ஏசா வேண்டாம் என்றபோது, 33:11-இல் அதுவரை காணிக்கையைக் குறிக்க வந்த 'மின்ஹா' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'என் பெராகாவை ஏற்றுக்கொள்ளும்' என்றார். பெராகா என்றால் ஆசீர்வாதம். இருபது வருடத்துக்கு முன் அண்ணன் அலறியழுது கேட்ட அதே சொல். மூலத்தில் படிக்கும் யாருக்கும் இந்த இடம் சட்டென்று உறைக்கும், தமிழில் தெரியாமல் போகிறது.

யாப்போக்கு ஆற்றங்கரையில் போராடியது யார்?

32:24 'ஒரு புருஷன்' என்கிறது. ஓசியா 12:4 தூதன் என்கிறது, யாக்கோபு அழுது கெஞ்சினார் என்றும் சேர்க்கிறது. யாக்கோபோ தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று அந்த இடத்துக்குப் பெனியேல் என்று பெயரிட்டார். ஏசாவின் காவல் தூதன் என்பது யூத விளக்கங்களில் ஒன்று. அவதாரத்துக்கு முந்தைய கிறிஸ்து என்று பழைய கிறிஸ்தவ விளக்கவுரையாளர் பலர் கொண்டார்கள். நூல் வேண்டுமென்றே பெயரைச் சொல்லவில்லை, யாக்கோபு கேட்டும் பதில் வரவில்லை.

ஆனால் யாக்கோபு தம் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு தகப்பன் 'நீ யார்' என்று கேட்டபோது 'ஏசா' என்றவர், இப்போது 'யாக்கோபு' என்றார். அதன்பிறகே இஸ்ரவேல் என்ற புதுப்பெயர் கிடைத்தது. ஆபிராம் ஆபிரகாம் ஆனபின் பழைய பெயர் திரும்பவில்லை, யாக்கோபுக்கோ கடைசிவரை இரண்டு பெயரும் மாறிமாறி வரும். யாப்போக்கு இன்று யோர்தான் நாட்டில் ஓடும் சர்க்கா ஆறு.

தொடை நரம்பை யூதர்கள் இன்றும் உண்பதில்லையா? எப்படி நீக்குகிறார்கள்?

இன்றும் உண்பதில்லை. 'கிட் ஹநாஷே' என்று பெயர். யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்கியதன் நினைவாக வந்த தடை (32:32), ஆதியாகமத்திலிருந்து யூத மரபு எடுக்கும் மூன்று கட்டளைகளில் ஒன்று. யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஹுல்லீன் பகுதியின் ஏழாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே.

முதுகுத்தண்டின் அடியிலிருந்து இடுப்பு வழியாகப் பின்தொடையில் இறங்கும் பெரிய நரம்புதான் இது. வலம், இடம் இரண்டு கால்களிலும் எடுக்க வேண்டும். உள்நரம்பு வேதச் சட்டப்படி விலக்கு, அதையொட்டிய வெளிநரம்பு ரபிமார் சட்டப்படி விலக்கு. சுற்றியுள்ள கொழுப்பையும் வழக்கமாக நீக்கிவிடுவார்கள். பறவைகளுக்குப் பொருந்தாது, கிண்ணம் போன்ற தொடைச்சந்து அவற்றுக்கு இல்லை என்பது மிஷ்னா தரும் காரணம்.

இந்த நீக்கும் வேலைக்கு 'நிக்கூர்' என்று பெயர். நரம்பு கிளைகிளையாகத் தசைக்குள் ஓடுவதால் ஒவ்வொரு கிளையையும் தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் மீதி தசைக்குள் மறைந்துகொள்ளும், தேடி எடுப்பதற்குள் இறைச்சி சிதைந்துவிடும். பின்பகுதியில் விலக்கப்பட்ட கொழுப்புகளும் அதிகம். பயிற்சி பெற்றவர் குறைவு, நேரம் அதிகம், மிஞ்சுவது துண்டு துணுக்கு. அதனால் இஸ்ரேலுக்கு வெளியே யூத உணவு விதிப்படி நடக்கும் பெரும்பாலான கோஷர் இறைச்சிக்கூடங்கள் பின்பகுதியை அப்படியே யூதரல்லாதவருக்கு விற்றுவிடுகின்றன. கோஷர் கடைகளில் இடுப்புக்கறி வகைகள் அரிதாக இருப்பது இதனால்தான்.

சீனாவின் கைஃபெங் நகரில் பல நூற்றாண்டு வாழ்ந்த யூதர்களை அக்கம்பக்கத்துச் சீனர்கள் 'நரம்பை உருவும் மார்க்கத்தார்' என்றே அழைத்தார்கள்.

செய்ததற்குத் தண்டனை பெற்றாரா?

நூல் எங்கும் அப்படி ஒரு தீர்ப்பை எழுதவில்லை. பொருட்களைக் கொண்டு பேசுகிறது. வெள்ளாட்டுக்குட்டியையும் அண்ணனின் உடையையும் வைத்துத் தகப்பனை ஏமாற்றியவரிடம், அவருடைய மகன்கள் வெள்ளாட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்த தம்பியின் அங்கியைக் கொண்டுவந்து, இது உம் மகனுடையதா பாரும் என்கிறார்கள் (37:31-32). ஈசாக்கு உடையை முகர்ந்து நம்பினார், யாக்கோபு உடையைப் பார்த்து நம்பினார். அடுத்த 22 வருடம் அந்தப் பொய்யோடு வாழ்ந்தார். சில நாள் போய் இரு என்று சொல்லி அனுப்பிய தாய் ரெபெக்காளை அவர் மறுபடி பார்த்ததாக வசனம் எங்கும் இல்லை.

எகிப்துக்குப் போனது 70 பேரா, 75 பேரா?

ஆதியாகமம் 46:27 எழுபது என்கிறது. உடன் வந்தவர் 66, யாக்கோபு, யோசேப்பு, யோசேப்பின் இரு மகன்கள். அப்போஸ்தலர் 7:14-இல் ஸ்தேவான் 75 என்கிறார். அவர் பின்பற்றுவது பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த், அது எகிப்தில் பிறந்த யோசேப்பின் வழியினரை ஒன்பது என்று எண்ணுகிறது. 66-ஓடு 9 சேர்ந்தால் 75. இதேபோல் 47:31-இல் யாக்கோபு 'கட்டிலின்' தலைமாட்டில் பணிந்தார் என்பதும், எபிரெயர் 11:21-இல் 'கோலின்' முனையில் சாய்ந்து தொழுதார் என்பதும் ஒரே எபிரேய எழுத்துகளை 'மித்தா', 'மத்தே' என்று இரு விதமாக வாசித்ததன் விளைவு.

பேரப்பிள்ளைகளைக் கை மாற்றி வைத்து ஆசீர்வதித்தது ஏன்?

மூத்தவன் மனாசே வலக்கைப் பக்கம் வரும்படி யோசேப்பு நிறுத்தினார். யாக்கோபு கைகளைக் குறுக்கே மாற்றி, வலக்கையை இளைய எப்பிராயீம்மேல் வைத்தார். யோசேப்பு திருத்தப் பார்த்தபோது, அறிவேன் என் மகனே, அறிவேன் என்றார். இவருக்கும் அப்போது கண் மங்கியிருந்தது, ஆனால் இம்முறை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இன்றும் யூத வீடுகளில் வெள்ளி இரவில் மகன்களின் தலையில் கைவைத்து, 'தேவன் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்குவாராக' என்கிறார்கள், 48:20-இல் உள்ள அதே சொற்கள்.

அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?

எகிப்திய வைத்தியர்கள் 40 நாள் செலவிட்டு உடலைப் பதப்படுத்தினார்கள், எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடினார்கள். வேதாகமத்தில் இப்படிப் பதப்படுத்தப்பட்டதாகச் சொல்லப்படுவது இவரும் யோசேப்பும்தான். பிறகு கானானுக்குக் கொண்டுபோய், எப்பெரோனிடம் ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய மக்பேலா குகையில் வைத்தார்கள். ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள் ஆகியோர் அங்கே இருந்தார்கள். ஆசைப்பட்ட ராகேல் வழியோரத்தில், ஆசைப்படாத லேயாள் பக்கத்தில்.

இடம் எபிரோன் நகரம். குகையின்மேல் உள்ள பெரிய கல்மதில் ஏரோது காலத்தது. முஸ்லிம்களுக்கு அது இப்ராஹீமி பள்ளிவாசல். 1967 வரை யூதர்கள் வெளிப்படிக்கட்டின் ஏழாவது படிக்குமேல் ஏற முடியாது. 1994 முதல் கட்டடம் பிரிக்கப்பட்டு, ஈசாக்கு, ரெபெக்காளின் நினைவுக் கல்லறைகள் முஸ்லிம் பகுதியிலும், யாக்கோபு, லேயாளின் கல்லறைகள் யூதப் பகுதியிலும் உள்ளன. நாம் பார்ப்பவை மேல்தளத்தில் எழுப்பிய அடையாளங்கள், குகை கீழே இருக்கிறது. பழைய எபிரோன் நகரம் 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இஸ்லாத்தில் யஃகூப் நபியின் கதை எப்படி வேறுபடுகிறது?

குர்ஆனில் அண்ணன்-தம்பி சண்டையோ ஏமாற்றோ இல்லை. யஃகூப் (அலை) நபி, அவருடைய முகம் தெளிவாகத் தெரிவது 12-ஆம் அத்தியாயமான யூசுஃபில். மகன்கள் சட்டையில் பொய் இரத்தம் பூசிக் கொண்டுவரும்போது அவர் நம்புவதில்லை. உங்கள் மனம் ஒன்றை ஜோடித்திருக்கிறது, எனக்கு 'அழகிய பொறுமையே' என்கிறார் (12:18). துக்கத்தால் கண்கள் வெளுத்துப் பார்வை போகிறது, யூசுஃபின் சட்டை முகத்தில் பட்டதும் திரும்புகிறது.

3:93-இல் இஸ்ராயீல் தமக்குத் தாமே ஒரு உணவைத் தடைசெய்துகொண்டார் என்று வருகிறது. அது ஒட்டக இறைச்சியும் பாலும் என்றும், 'இர்க் அந்நஸா' என்ற தொடைநரம்பு வலியால் நேர்ந்துகொண்டார் என்றும் விரிவுரைகள் கூறும். எபிரேய 'நாஷே'யும் அரபு 'நஸா'வும் ஒரே சொல்.

கிறிஸ்தவத்தில் அவருக்கு என்ன இடம்?

மூன்று வசனங்களில் தொடங்கலாம். யோவான் 1:51-இல் இயேசு பெத்தேல் ஏணியைத் தம்மேல் பொருத்திச் சொல்கிறார். யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடம் பேசுவது யாக்கோபின் கிணற்றருகே. நாப்லுஸ் நகரில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குள் அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. ரோமர் 9:13 'யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்' என்பது மல்கியா 1:2-3-இன் மேற்கோள். மல்கியா பேசுவது இஸ்ரவேல், ஏதோம் என்ற இரு தேசங்களைப் பற்றி என்பதை மறந்து படித்தால், கருவிலிருந்த குழந்தையைக் கடவுள் வெறுத்தாரா என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வோம்.

வேதாகமத்துக்கு வெளியே சான்று உண்டா?

இந்த யாக்கோபைக் குறிக்கும் கல்வெட்டு கிடைக்கவில்லை. பெயருக்குச் சான்று உண்டு: எகிப்திய மன்னர் மூன்றாம் துத்மோஸ் வென்ற ஊர்ப் பட்டியலில் 'யாக்கோப்-எல்' என்று வாசிக்கப்படும் ஊர், எகிப்தை ஆண்ட அந்நியரான ஹிக்சோஸ் கால முத்திரைகளில் 'யாக்குப்-ஹர்' என்ற அரசன். இஸ்ரவேல் என்ற மக்கள் பெயர், கி.மு. 1208 வாக்கிலான எகிப்திய மன்னர் மெர்னெப்தாவின் வெற்றிக்கல்லில் வருகிறது.

புதிய ஏற்பாட்டு யாக்கோபும் இவரும் ஒருவரா?

இல்லை. சீடர்களில் இரண்டு யாக்கோபுகள், இயேசுவின் சகோதரர் ஒருவர், மத்தேயு 1:16-இன்படி மரியாளின் கணவர் யோசேப்பின் தகப்பனும் ஒரு யாக்கோபு. எல்லோரும் முற்பிதாவின் பெயரைத் தாங்கியவர்கள். ஆங்கிலத்தில் அது ஜேம்ஸ் ஆனது, போர்த்துகீசியத்தில் தியாகோ ஆனது. நம் கடற்கரை ஊர்களின் சந்தியாகப்பர் அந்த வழியில் வந்தவர், செபெதேயுவின் மகன். கேரளத்து யாக்கோபாயா சபையின் பெயர் 6-ஆம் நூற்றாண்டு ஆயர் யாக்கோபு பரதேயுவால் வந்தது. யாக்கோபு நிருபத்தைத் திறந்தால், முதல் வசனத்திலேயே ஒரு யாக்கோபு, சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கு வாழ்த்துச் சொல்லி எழுதுகிறார்.